இரண்டு பொன்கூரைகள்

பெய்ஜிங்கில் வெண்மேகக் கோவில் என்றொரு தாவோ மடம் உண்டு. அங்கே 1886-இல் செதுக்கிய ஒரு கற்பலகை இருக்கிறது. அதிலிருந்து மை ஒற்றி எடுத்த படிகள் இன்று பல நாட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. நெய்ஜிங் தூ என்பது படத்தின் பெயர். முதல் பார்வைக்கு மலையும் ஓடையும் மரங்களுமாக ஒரு சீன நிலக்காட்சி. சற்று நின்று பார்த்த பிறகுதான் அது உட்கார்ந்திருக்கும் மனித உடம்பின் பக்கவாட்டுத் தோற்றம் என்பது பிடிபடும். முதுகெலும்புதான் மலைச்சரிவு. தலை, குன்லுன் மலைத்தொடர். தொண்டை, பன்னிரண்டு அடுக்குக் கோபுரம். அடிவயிற்றில் ஒருவர் எருது பூட்டி உழுதுகொண்டிருக்கிறார். சிறுநீரகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெண் நூல் நூற்கிறாள். முதுகின் அடியில் ஒரு சிறுவனும் சிறுமியும் ஏற்றம் மிதிக்கிறார்கள். அவர்கள் மிதிக்க மிதிக்க, ஓடைநீர் கீழே இறங்காமல் முதுகு வழியே மேலே ஏறுகிறது.

தாவோ நெறியின் உள்மூச்சுப் பயிற்சி முழுவதும் இந்த ஒரு படத்துக்குள் இருக்கிறது. தண்ணீரை மலைமேல் ஏற்றுவது, அதுதான் வேலை. உச்சியில் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார், லாவோட்சு என்பார்கள். அவருக்குக் கீழே இரு கைகளையும் தூக்கி வானத்தைத் தாங்கி நிற்பவர் நீலக்கண் கொண்ட அயல்நாட்டுத் துறவி. போதிதர்மர் என்று அடையாளம் சொல்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நம் மரபு பெருமைப்படும் அதே போதிதர்மர். சீனர்கள் தங்கள் உடம்பின் வரைபடத்தில், தலைக்குப் பக்கத்தில், தெற்கிலிருந்து வந்த ஒருவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் நெகிழ்கிறது.

இந்தப் படம் ஸ்ரீமுஷ்ணத்துக்காரனான என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. நெல்லும் கரும்பும் முந்திரியுமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் சமவெளி. மலை பார்க்க வேண்டுமென்றால் மேற்கே கல்வராயன் வரை போகவேண்டும். ஆனால் பக்கத்து விருத்தாசலத்துக்குப் பழமலை என்று பெயர். தேவாரக்காரர்கள் திருமுதுகுன்றம் என்றார்கள். மணிமுத்தாற்றங்கரையில் கோவில் இருக்கிறது, கோபுரங்கள் இருக்கின்றன, குன்று மட்டும் கண்ணில் படாது. பிரமன் உலகைப் படைக்கும் முன்பே சிவன் மலையாக நின்றார், அதுவே எல்லா மலைக்கும் மூத்தது என்கிறது தலபுராணம். கண்ணுக்குத் தெரியாத மலையைக் கும்பிடுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு, உடம்புக்குள் மலை வரைந்த சீனக் கல் அந்நியமாகத் தோன்றவில்லை.

சீனத் துறவிகளுக்கு மலை நிஜமாகவே இருந்தது. ஹுவா, சிங்செங், வூதாங் என்று ஒவ்வொரு மலைக்கும் ஒரு பரம்பரை, ஒரு பயிற்சி முறை. இவற்றில் வூதாங் ஹூபே மாகாணத்தில் இருக்கிறது. அதன் தலைச்சிகரம் தியான்சூ, 1,612 மீட்டர் உயரம். அந்த உச்சியில் மிங் பேரரசர் யொங்லெ காலத்தில், 1416-இல், ஒரு பொன்மண்டபம் எழுந்தது. செம்பில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. பாகங்களைப் பெய்ஜிங்கில் வார்த்து, நீர்வழியாகக் கொண்டுவந்து, மலைமேல் சேர்த்தார்கள். உள்ளே வீற்றிருப்பவர் வடதிசைக் காவலரான சென்வூ. விரிந்த தலைமயிர், வெறுங்கால். பக்கத்தில் ஆமையும் பாம்பும். இடி விழும்போதெல்லாம் கூரை புடம்போட்டதுபோல் பளிச்சிடும் என்று அந்த மலைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

நம்முடைய பொன்மண்டபம் தில்லையில், அதாவது சிதம்பரத்தில், இருக்கிறது. முதலாம் பராந்தகன் (907–955) அதற்குப் பொன் வேய்ந்ததைச் சோழர் செப்பேடுகள் பாடுகின்றன. ஏறக்குறைய கடல்மட்டத்திலேயே இருக்கும் ஊர். ஏறிப்போக ஒன்றுமில்லை, ஐந்து படிகள் மட்டும்.

இந்த இரண்டு கூரைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்குப் பெரிய இன்பம். வூதாங்கில் செம்பு மரத்தைப்போல நடிக்கிறது. தூண், உத்தரம், கூரைக்கடியில் அடுக்கடுக்கான தாங்கிகள், ஓட்டு வரிசை எல்லாம் தச்சன் செய்வதுபோலவே உலோகத்தில் வார்த்தவை. சிதம்பரத்தில் பொன் ஓலையைப்போல நடிக்கிறது. சிற்றம்பலத்தின் கூரை வளைந்து சரிவதைப் பாருங்கள், அது குடிசையின் வளைவு. மரத்தூண்கள் மேல் நிற்கும் ஓர் எளிய குடிலைத்தான் பொன்னால் மூடியிருக்கிறார்கள். அரசர்களின் பணம், துறவியின் குடிசை வடிவம். கட்டடக் கலையில் இதைவிடப் பணிவான ஆடம்பரத்தை நான் பார்த்ததில்லை.

சிதம்பரத்துக் கூரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 21,600 பொன் ஓடுகள், 72,000 ஆணிகள் என்று மரபு சொல்கிறது. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு 21,600, உடம்பின் நாடிகள் 72,000. ஒரு நாளுக்கு 60 நாழிகை, அப்படியென்றால் நாழிகைக்கு 360 மூச்சு, இன்றைய கணக்கில் நிமிடத்துக்கு 15. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஆளின் மூச்சை இன்று ஒரு மருத்துவர் எண்ணினாலும் ஏறக்குறைய அந்த எண்தான் வரும். யாரோ ஒருவர் நாழிகை வட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகத் தம் மூச்சை எண்ணியிருக்க வேண்டும். பிறகு அந்த எண்ணைக் கூரையாக்கி, அதன்கீழ் ஆடுகிறவனை நிறுத்தியிருக்கிறார்கள்.

அவன் ஆடுவது எந்த இடத்தில்? சந்நிதியில் நடராசருக்கு வலப்பக்கம் ஒரு திரை. விலக்கினால் பொன் வில்வமாலைகள் தொங்கும் வெறும் வெளி. நெய்ஜிங் தூவில் ஏறிப்போனால் சிகரங்கள் வரும். இங்கே ஏறிப்போனால் ஆகாயம் வருகிறது. சீனப் படத்தின் செறிவு எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்தத் திரைக்கு முன்னால் நிற்கும்போது, ஒன்றும் வரையாமல் விட்ட கையைத்தான் நான் அதிகம் வியக்கிறேன்.

மூச்சை எப்படிப் பழகுவது என்பதில் இரண்டு மரபுகளின் சுவையும் வேறு. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எண் கொடுத்துவிடுகிறார்: இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. இது தாளக்காரரின் மனம். ஒன்று, நான்கு, இரண்டு என்ற விகிதத்தைக் கையில் போட்டுப் பாருங்கள், மூச்சே ஒரு உருப்படியாகிவிடும். தாவோ ஆசிரியர்களில் பலர் எண்ணச் சொல்வதில்லை. மூச்சு மெல்லியதாக, நீளமாக, சீராக, ஆழமாக இருக்கட்டும் என்பதோடு சரி. பட்டுக்கூட்டிலிருந்து நூல் இழுப்பதுபோல, வேகம் மாறினால் அறுந்துவிடும் என்பார்கள். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் வைக்கச் சொல்வார்கள். முதுகில் ஏறியது நெற்றி வழியாக இறங்கி மார்புக்கு வர அது பாலம். வாயில் ஊறும் நீரைத் துப்பாமல் விழுங்கி, அடிவயிற்றுக்கு அனுப்புவார்கள். உச்சியிலிருந்து அமுதம் இறங்குகிறது என்று நம் சித்தர்கள் சொல்லும்போது, இரண்டு கூட்டமும் ஒரே ஊற்றில் தண்ணீர் மொண்டதோ என்று தோன்றும்.

இந்தப் பயிற்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: இதனால் என்ன சக்தி கிடைக்கும்? அந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பாவம், எல்லாவற்றையும் தவறவிடுகிறார்கள். கச்சேரிக்குப் போகிறவர் கல்யாணியால் என்ன லாபம் என்று கேட்பதில்லை. மூச்சும் கேட்டு ரசிக்க வேண்டிய ஒன்று. உள்ளே போகும் காற்று குளிர்ந்தும் வெளியே வருவது இளஞ்சூடாகவும் இருப்பது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் இரண்டும் இல்லாமல் இருப்பது, இவற்றுக்குத் தனி ருசி உண்டு. 64 மாத்திரை நிறுத்தும் கும்பகத்தை மட்டும் ஆசிரியர் இல்லாமல் யாரும் தொடவேண்டாம். அதை இரண்டு மரபுகளும் கண்டிப்பாகச் சொல்கின்றன.

ரசிக்க எளிய வழி சிதம்பரத்துக் கோபுர வாசல்களில் காத்திருக்கிறது. உள்சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக 108 கரணங்கள். கீழைக் கோபுரத்திலும் மேலைக் கோபுரத்திலும் நாட்டிய சாத்திரத்தின் வரிகளையும் கிரந்தத்தில் கூடவே பொறித்திருக்கிறார்கள். ஆடுபவள் ஒரு பெண், அருகில் சின்ன உருவங்களாக வாத்தியக்காரர்கள். பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வில் அழுத்திச் சொன்னது இது: கரணம் என்பது உறைந்த நிலையல்ல, கையும் காலும் சேர்ந்து போகும் ஓர் அசைவு. சிற்பி அந்த அசைவிலிருந்து ஒரு கணத்தை மட்டும் எடுத்திருக்கிறான். முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும் என்பதை நம் உடம்பே ஊகித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஊகித்துப் பார்க்கையில் மூச்சு தானாகவே மாறுவதை உணரலாம். கால் தூக்கியவளைப் பார்க்கும்போது நெஞ்சு விரிகிறது. உடல் தாழ்த்தியவளைப் பார்க்கும்போது காற்று வெளியேறுகிறது.

சீனத்துத் தாய் சியும் இப்படித்தான் அசைவுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறது. வெண்கொக்கு சிறகு விரிக்கிறது, காட்டுக்குதிரையின் பிடரி பிரிகிறது. நம் கரணப் பட்டியலில் மயிலும் யானையும் தேளும் வருகின்றன. வூதாங் மலையில் ஜாங் சான்ஃபெங் என்ற துறவி, ஒரு பறவைக்கும் பாம்புக்கும் நடந்த சண்டையைப் பார்த்துத் தாய் சியை உண்டாக்கினார் என்பது கதை. வரலாற்று ஆசிரியர்கள் ஒப்புவதில்லை, இருந்தாலும் அழகான கதை. தில்லையிலும் பாம்பில்லாமல் ஆட்டம் தொடங்குவதில்லை. காலருகே பாம்பைக் கண்டு திடுக்கிட்டவன்போல் சட்டெனக் கால் தூக்கும் புஜங்கத்ராசிதம்தான் ஆனந்தத் தாண்டவத்துக்கு அடித்தளம் என்பார்கள். அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்த பதஞ்சலியும் பாதி பாம்பு.

எங்கள் ஊர்ப் பூவராகரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்ரீமுஷ்ணத்துக்கு வருகிறவர்கள் புருஷசூக்த மண்டபத்துத் தூண்களையும் நாயக்கர் உருவங்களையும் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். புகழத்தக்கவைதான். ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட மூலவரின் நிற்கும் விதம் பெரிது. சாளக்கிராம மூர்த்தி, அளவில் சிறியவர். உடல் மேற்கு நோக்கி, முகம் மட்டும் தெற்கே திரும்பி. இரண்டு கைகளும் இடுப்பில். நெஞ்சில் காற்று நிறைந்த நிற்பு அது. தாவோ பயிற்சியில் ஜான் ஜுவாங் என்று ஒன்று உண்டு, மரம்போல அசையாமல் நிற்பது. முழங்கால் இளகியிருக்கும், உச்சி நூலில் தொங்குவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உருவம்தான் நினைவில் எழும். உடம்பு நிலைத்திருக்க, கழுத்து மட்டும் திரும்பும் அந்த ஒரு திருப்பத்தில் எவ்வளவு உயிர்! மூழ்கிய பூமியை அடியிலிருந்து மேலே கொண்டுவந்தவர் அவர். யோகத்திலும் பூமி என்பது மூலாதாரம், முதுகின் அடி, ஏற்றம் மிதிக்கும் அந்தச் சிறுவனும் சிறுமியும் இருக்கும் இடம். இப்படிச் சேர்த்துப் பார்ப்பது என் ரசனை, வைணவ ஆசாரியர்கள் சொன்னதல்ல.

இரு நாட்டாரும் இந்த வித்தையைக் கைமாற்றிக்கொண்டார்களா? சித்தர் போகர் சீனத்திலிருந்து வந்தார் என்றும், இங்கிருந்து சீனம் போனார் என்றும் இரண்டு விதமாகவும் கதை ஓடுகிறது. வரலாற்றில் உறுதியாக இருப்பது வேறு. 1077-இல் குலோத்துங்க சோழன் 72 பேரைத் தூதாகச் சீனத்துக்கு அனுப்பினான். 1281-இல் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோவில் எழுப்பித் தமிழிலேயே கல்வெட்டு வைத்தார்கள். அதே நகரத்துச் சிங்யுவான் மலையடிவாரத்தில், சோங் அரசர் காலத்துப் பெரும் பாறையில் செதுக்கிய லாவோட்சு இன்றும் உட்கார்ந்திருக்கிறார், 5 மீட்டருக்கு மேல் உயரம், நீண்ட காது, தாடி. சரக்கு இறக்கிவிட்டுக் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருந்த நம் செட்டிமார் அவரைப் பார்க்காமல் இருந்திருப்பார்களா?

தாவோ உடம்பில் தொப்புளுக்குக் கீழே இருப்பது ஓர் அடுப்பு. அங்கே தீ மூட்டித்தான் மருந்து காய்ச்சுவார்கள், உடம்புக்குள்ளேயே. நெருப்பு மிஞ்சவும் கூடாது, அவியவும் கூடாது. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க வள்ளலார் இந்த உள்தீயை வேறு விதமாகக் கண்டார். வயிற்றில் எரிவது பசி, முதலில் அதைத் தணிக்கவேண்டும் என்றார். 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அது இன்னும் அணையவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1872-இல், அதே ஊரில் எண்கோண வடிவில் சத்திய ஞானசபை கட்டினார். உள்ளே ஒரு சோதி, முன்னால் ஏழு நிறத்தில் ஏழு திரைகள். தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலகும். இதுவும் உடம்பின் படம்தான். தில்லையில் ஒரு திரை, இங்கே ஏழு. அங்கே திரைக்குப் பின்னால் வெளி, இங்கே ஒளி.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம், வடலூர், சிதம்பரம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில் பூவராகரைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்கு வடலூர் தருமசாலைக்குப் போய்ச் சேரலாம். வந்தவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் இலை போடுவார்கள்.