விரல் நுனியில் ஒரு விளக்கு

சட்டையில் பொத்தான் இருப்பதே அது அறுந்து விழும்போதுதான் நமக்குத் தெரியும். பொஹிமியக் கண்ணாடிப் பொத்தானோ துணிக்கு முன்னால் தன்னைப் பார்க்கச் சொல்லும்.

செக் நாட்டின் பொஹிமியாவிலுள்ள யாப்லோனெட்ஸ் வட்டாரம் இதற்குப் பேர்போனது. வண்ணக் கண்ணாடிக் கம்பியின் முனையை உலையில் இளக்கி, அச்சு பதித்த இடுக்கியில் வைத்து அழுத்துவார்கள். தைப்பதற்கான உலோக வளையம் அச்சுக்குள் காத்திருக்கும். கண்ணாடி குளிரும்போது அதை இறுகப் பற்றிக்கொள்ளும். ஓரப் பிசிறை உடைத்துத் தேய்த்த பிறகு, தூரிகையால் பொன்பூச்சு. ஒரே அச்சில் பிறந்தாலும் பொத்தான்கள் பொன்கோடுகளின் கனத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா மகாராணி கறுப்பே அணிந்தார். அவரைப் பின்பற்றியவர்களின் துக்க உடைக்கு ஏற்ற ஜெட் என்னும் கரும்பொருள் விலை கூடியது. எளியவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடிப் பொத்தான் கைகொடுத்தது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் யாப்லோனெட்ஸ் வட்டாரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஜெர்மானியக் கைவினைஞர்கள் பவேரியாவில் நொய்காப்லோன்ஸ் குடியிருப்பை எழுப்பினார்கள். வீடு போனது, தொழில் கூடவே வந்தது.

அட்டையில் வரிசையாகத் தைத்து விற்பது பழைய வழக்கம். வாங்குபவர் ஒன்றைத் திருப்பி வளையத்தை அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடக் கூடாது. முகத்தின் அழகுக்கு முதுகின் உறுதிதான் ஜாமீன்.