த்ரீடிஓவைக் கொன்றது விலைதானா?

ரோட் ராஷ் ஞாபகம் இருக்கா? பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, பக்கத்து பைக்கில் வருகிறவனைச் சங்கிலியால் அடித்துவிட்டு, போலீஸிடம் சிக்காமல் ஓட்டினோமே, அதேதான். அந்த விண்டோஸ் பதிப்பு 1996-ல் வந்தது. ஆனால் அந்த வடிவம் முதலில் பிறந்தது கம்ப்யூட்டரில் இல்லை. 1994-ல், த்ரீடிஓ என்ற டிஸ்க் கன்சோலில். நீட் ஃபார் ஸ்பீட் வரிசையின் முதல் கேமும் அதே வருஷம் அதே பெட்டிக்குத்தான் முதலில் வந்தது. பெட்டியின் பெயரே தெரியாமல் அதன் கேம்களை ஆடி வளர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

‘தோற்றுப்போன கன்சோல்கள்’ என்று யார் பட்டியல் போட்டாலும் த்ரீடிஓவுக்கு ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: விலை 699 டாலர், அதனால் செத்தது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். இப்போது அது பாதி பதில் என்று தோன்றுகிறது. ஏன் 699 என்பதுதான் சரியான கேள்வி.

1982-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை ஆரம்பித்த ட்ரிப் ஹாக்கின்ஸின் யோசனை இது. அன்றைக்கு நின்டெண்டோவுக்கோ சேகாவுக்கோ கேம் செய்பவர்கள் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் கப்பம் கட்ட வேண்டும். ஹாக்கின்ஸ் விஹெச்எஸ் வீடியோ முறையைப் பார்த்தார். வடிவமைப்பு நம்முடையது, பெட்டியை யார் வேண்டுமானாலும் தயாரிக்கட்டும், டிஸ்குக்கு 3 டாலர் மட்டும் நமக்குப் போதும் என்றார். அமிகா, லிங்க்ஸ் கருவிகளில் உழைத்த ஆர்.ஜே. மைக்கலும் டேவ் நீடிலும் பெட்டியை வடிவமைத்தார்கள். 1993 அக்டோபரில் பானசோனிக் அதை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு சான்யோவும் கோல்ட்ஸ்டாரும் வந்தன.

இப்போ கணக்கைப் பாருங்க. சொந்தப் பெட்டி விற்கிற கம்பெனி அதில் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், நஷ்டத்துக்குக்கூட விற்கலாம். விட்டதை கேமில் பிடித்துவிடும். பானசோனிக்குக்கு அந்த வழி இல்லை, ஏன்னா டிஸ்கில் வரும் 3 டாலர் த்ரீடிஓ கம்பெனிக்குப் போகிறது. ஆக பாகங்களின் செலவு, பானசோனிக் லாபம், கடைக்காரர் லாபம் எல்லாமே பெட்டி விலையில்தான் ஏற வேண்டும். 699-க்குப் பின்னால் பேராசையைத் தேட வேண்டியதில்லை, அந்த ஒப்பந்தமே போதும். அடுத்த மாதமே அட்டாரி தன் ஜாகுவாரை 249 டாலருக்கு இறக்கியது.

விஹெச்எஸ் உவமையும் அங்கேதான் உடைகிறது. வீடியோ டெக் வாங்கியவர் படக் கேசட் ஒன்றுகூட வாங்காவிட்டாலும் டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்து பார்க்கலாம். கேம் இல்லாத கேம் பெட்டியை வைத்து என்ன செய்வது? த்ரீடிஓ கடைக்கு வந்த அன்று அதனுடன் இருந்தது ஒரே கேம், க்ராஷ் அன் பர்ன்.

இதை அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது என்பேன். விலை 499-க்கும் பிறகு 399-க்கும் இறங்கியது. விலையைக் குறைக்கும் தயாரிப்பாளர்களுக்குத் தன் பங்குகளையே கொடுக்க முன்வந்தது. 1994 அக்டோபரில் கேம் செய்பவர்களிடம் டிஸ்குக்கு இன்னொரு 3 டாலர் கேட்டது. எந்தக் கப்பத்தை ஒழிக்கக் கிளம்பினாரோ, அதையே ஹாக்கின்ஸ் வசூலிக்க வேண்டி வந்தது. 1995 செப்டம்பரில் சோனி தன் ப்ளேஸ்டேஷனை 299 டாலருக்கு அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. அதுவும் டிஸ்க் பெட்டிதான். ஆனால் பெட்டியும் டிஸ்க் வருமானமும் ஒரே கையில்.

அதற்காக ஹாக்கின்ஸ் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். கேம் செய்பவர்களுக்குக் கிடைத்த பலன் நிஜம். க்ராஷ் அன் பர்ன் செய்தது க்ரிஸ்டல் டைனமிக்ஸ், பின்னாளில் டூம் ரெய்டர் கேம்களைச் செய்த அதே ஸ்டூடியோ. நாட்டி டாக் க்ராஷ் பேண்டிகூட்டுக்கு முன்னால் வே ஆஃப் தி வாரியரை இந்தப் பெட்டிக்குத்தான் செய்தது.

என் குறை வேறு. அந்தப் பலனுக்கான பணம் யார் பையிலிருந்து போனது? முதலில் நம்பி வாங்கியவர்கள் பையிலிருந்து. அவர்களுக்குக் காட்டிய அடுத்த நம்பிக்கை எம்2. பழைய பெட்டியோடு இணைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னார்கள். 1995-ல் அதை 10 கோடி டாலருக்கு மாட்சுஷிட்டாவிடம் விற்றார்கள். கேம் பெட்டியாக அது கடைக்கு வரவே இல்லை. த்ரீடிஓ பெட்டியும் 1996-ல் நின்றுபோனது. கேம் கம்பெனியாக மாறிய நிறுவனம் 2003-ல் திவாலானது.

‘யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம்’ என்று இன்றைக்கும் புதுசு புதுசாக அறிவிப்புகள் வருகின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: முதல் இரண்டு வருஷ நஷ்டத்தை யார் தாங்குவது? அதற்குப் பதில் இல்லையென்றால், வாங்குபவர்தான் தாங்கப்போகிறார் என்று அர்த்தம். நாம் 20 ரூபாய்க்கு ஆடிய ரோட் ராஷுக்கு முன்பணம் கட்டியது அப்படிப்பட்ட ஆட்கள்தான்.