மாஸ்தியின் குடகும் நம் பிள்ளைகளின் ஊர்க்கதையும்

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, ராஜராஜ சோழன் தஞ்சாவூர்ல இருந்தாரு. நம்ம சந்தாபுராவுல யாரு இருந்தாங்க?" இரவுதோறும் அவனுக்குப் 'பொன்னியின் செல்வன்' கதை சொல்லி வந்தவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை. தருமபுரிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பொம்மசந்திரா தொழிற்சாலைகள் தெரியும், ஓசூர் சாலை நெரிசல் தெரியும். குடியிருக்கும் மண்ணின் கதை மட்டும் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் 'சிக்கவீர ராஜேந்திர' நாவலை மறுபடி கையில் எடுத்தேன்.

"மாஸ்தி கன்னடத ஆஸ்தி" என்று கன்னடிகர் பெருமையோடு சொல்வர். அவர் வீட்டில் பேசிய மொழி தமிழ் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1891இல் நமக்கு அருகிலேயே, கோலார் மாவட்டம் மாலூர் தாலுகாவில் பிறந்தவர். மைசூர் அரசில் உயர்பதவி வகித்தவர். இந்நாவல் 1956இல் வெளிவந்தது. 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவரைத் தேடி வந்ததற்கு இதுவே முதற்காரணம்.

நாவலின் களம் குடகு. 1834இல் கும்பினிப் படை மடிகேரியில் நுழைந்து, கடைசி அரசன் சிக்கவீர ராஜேந்திரனைப் பதவியிலிருந்து இறக்கிய வரலாறு. கவனியுங்கள், மாஸ்தி குடகர் அல்லர். அடுத்த மண்ணின் கதையைத் தொட்ட வெளியூர்க்காரர். உலகில் இதற்கு முன்னோடி உண்டு. ஸ்காட்லாந்தின் வால்டர் ஸ்காட் எடின்பரோவில் பிறந்தவர், தாழ்நிலத்துக்காரர். மலைநாட்டாரின் கேலிக் மொழி அவருடைய மொழி அன்று. ஆயினும் 1745ஆம் ஆண்டுக் கலகத்தை வைத்து 1814இல் 'வேவர்லி' எழுதினார். அதற்கு முன்பே எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் திரட்டி 1802–03இல் பதிப்பித்திருந்தார். முதலில் ஊர்வாய்க்குக் காது கொடுத்தார், பிறகே பேனா எடுத்தார். வெளியூர்க்காரனுக்கு எழுதும் உரிமை பிறப்பால் வருவதில்லை, கேட்பதால் வருகிறது.

மாஸ்தியின் சிறப்பு எங்கே இருக்கிறது? கொடுங்கோலன் என்று பெயரெடுத்த அரசனை அவர் வெள்ளையடிக்கவில்லை. அதேசமயம் அரக்கனாகவும் ஆக்கவில்லை. வெள்ளைக்காரன் வந்தான், நாடு போயிற்று என்று கதையைச் சுலபமாக முடித்தும் விடவில்லை. அரசனின் தங்கையும் அவள் கணவனும் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தது, அமைச்சர் போபண்ணா மனம் வெறுத்தது என்று வீழ்ச்சியின் வேரை வீட்டுக்குள்ளேயே காட்டுகிறார். போபண்ணா துரோகியா, நாட்டைக் காத்தவரா? தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகிறார். அரசனின் வலக்கையான, கால் ஊனமுற்ற பசவனை மக்கள் அடியோடு வெறுத்தார்கள். எல்லாப் பழியையும் அவன் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மாஸ்தியோ அவனுக்கும் ஒரு தாயைத் தந்து, அவன் பிறப்பின் துயரத்தைச் சொல்லி, நம்மைச் சங்கடப்படுத்துகிறார். ஆவணம் தராத இரக்கத்தைத் தருவதுதான் சரித்திர நாவலின் வேலை.

குறையும் உண்டு. கதை பெரும்பாலும் அரண்மனையையும் அமைச்சர்களின் பேச்சையும் சுற்றியே நடக்கிறது. குடகின் வயல்களில் அடிமைப்பட்டு உழைத்த எரவர்களின் குரல் நம் காதில் விழுவதில்லை. தமிழில் கல்கியிடமும் இக்குறையைக் காணலாம். வந்தியத்தேவன் குதிரையேறி ஊரூராகப் போனாலும் முடிவில் நம்மைக் கொண்டு சேர்ப்பது மாளிகையில்தான். காவலையும் களவையும் வாழ்வாகக் கொண்ட கிராமத்தார் கதையின் நடுவே வந்து நின்றது சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்தில் (2008).

சரி, பேரனுக்கு என்ன பதில்? நம் பக்கத்தில் கதைக்கா பஞ்சம்? ஓசூர் சாலையிலிருந்து சற்று விலகியிருக்கும் பேகூரில், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கன்னடக் கல்வெட்டு ஒன்று 'பெங்களூரு'ச் சண்டையில் மாண்ட வீரனைச் சொல்கிறது. தோம்ளூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்கின்றன. கெம்பேகௌடர் கட்டிய கோட்டையின் வாசல் நிற்கவில்லையாம். கருவுற்றிருந்த மருமகள் லட்சுமம்மா தன்னையே பலி கொடுத்தாளாம். இது வரலாறு அன்று, ஊர்வழக்கு. மாஸ்தியின் வழியில் போகிறவன் இதைத் தியாகம் என்று மட்டும் பாடிவிட்டு எழுந்துவிட மாட்டான். அந்த இரவில் அவள் என்ன நினைத்தாள், வீட்டார் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பான்.

ஹுஸ்கூர் மத்தூரம்மன் தேர்த்திருவிழாவுக்கு நாமும் போகிறோம். தேரின் உயரத்தைப் பார்த்து வியக்கிறோம், பொரி வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அடுத்த முறை, "அஜ்ஜி, இந்தத் தேர்க் கதையைச் சொல்லுங்க" என்று பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டியிடம் நம் பிள்ளைகள் கேட்கட்டும். கேட்டதைத் தமிழில் எழுதட்டும். தமிழ் பேசிய வீட்டிலிருந்து போய் மாஸ்தி கன்னடத்துக்குக் குடகைத் தந்தார். நாம் தமிழுக்கு ஆனேக்கல் சீமையைத் தரக்கூடாதா?