அட்டையா, பென்சிலினா?

நோய்த்தடுப்பை மூன்று படிகளாகப் பிரிப்பது பொது சுகாதாரத்தில் பாலபாடம். 1950களில் லீவல், கிளார்க் என்ற இரு அமெரிக்கர்கள் பரப்பிய பகுப்பு இது. நோய் வராமலே பார்த்துக்கொள்வது முதல் படி. வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது இரண்டாவது. முற்றியபின் பாதிப்பைக் குறைப்பது மூன்றாவது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நீலகிரிக்கு வந்தால் ஓரிடத்தில் இடிக்கிறது.

அரிவாள் செல் சோகையைச் சொல்கிறேன். இந்த மரபணு இந்தியாவில் முதலில் பதிவான இடங்களில் ஒன்று நீலகிரி. 1952ல் லேமன், கட்புஷ் இருவரும் இங்குள்ள பழங்குடிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கியதோ 2023 ஜூலை 1ல். நடுவில் 71 வருஷம்! இலக்கு 2047. நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை, கையில் ஒரு அட்டை.

அட்டை எதற்கு? அப்பா, அம்மா இருவருமே இந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25%. ஆகவே கல்யாணத்துக்கு முன் அட்டையைப் பொருத்திப் பாருங்கள் என்கிறார்கள். இதுதான் 'முதல் படி'. கணக்கு சரி. ஆனால் மாவட்டத்தில் சில ஆயிரம் பேரே இருக்கும், தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சமூகத்தில் வேறு வரனுக்கு எங்கே போவது? நோயே இல்லாத ஒரு பெண்ணின் கையில் அந்த அட்டை என்னவாக மாறும்?

அதே நேரம், நாளைக்குப் பிறக்கப்போகும் குழந்தை காத்திருக்காது. முதல் சில மாதங்கள் சிசு ஹீமோகுளோபின் காப்பாற்றுவதால் நோய் வெளியே தெரியாது. பிறகு சாதாரண நியுமோகாக்கஸ் கிருமியே உயிரை எடுத்துவிடலாம். தினமும் பென்சிலின் கொடுத்தால் இந்தத் தொற்று 84% குறைகிறது என்று 1986லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. அதற்கு, பிறந்தவுடனே பரிசோதித்துத் தெரிந்திருக்கணும். புத்தகத்தில் 'இரண்டாம் படி' என்று இருப்பதுதான் அந்தக் குழந்தைக்கு முதல் படி.

நியாயமாகச் சொன்னால், பிறந்த குழந்தைப் பரிசோதனை இயக்கத்தின் திட்டத்திலும் இருக்கிறது. என் குறை அளவுகோலைப் பற்றியது. செய்திக் குறிப்புகளில் முன்னால் நிற்பது எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை அட்டை கொடுத்தோம் என்பதே. எங்கள் துறையிலும் இந்த வியாதி உண்டு: ஆயிரம் டெஸ்ட் ஓட்டியதாக ரிப்போர்ட் போவோம், சிஸ்டம் ராத்திரி விழுந்து கிடக்கும்.

கூடலூரில் அஸ்வினி அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்து, பல வருஷமாக இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ஒரு எண் கேட்கத் தோன்றுகிறது: நோயோடு பிறந்த குழந்தைகளில் ஐந்து வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? 2047 வரை அதை வருஷாவருஷம் வெளியிட்டாலே பாதி வேலை தானாக நடக்கும்.