வரம்புக்குள் வராத பணம்

மாத்தூர் எம்எம்டிஏ பக்கம் சாயங்காலம் பந்து உதைக்கும் பையன்களிடம் எந்த டீமில் ஆட ஆசை என்று கேட்டால் சென்னையின் எஃப்சி என்பார்கள். அவர்களுடைய அப்பாக்கள் சொல்லும் பெயர்கள் வேறு: ஐசிஎஃப், துறைமுகம், இந்தியன் வங்கி. வடசென்னைக்குக் கால்பந்து நெடுங்காலம் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கான வழியாக இருந்தது. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும், முட்டி போனாலும் வேலை இருக்கும். இன்று அந்த இடத்துக்கு வந்திருப்பது ஒரு வருடமோ மூன்று வருடமோ ஓடும் ஒப்பந்தம். அது முடிந்து அடுத்த கிளப்பைத் தேடும் வீரருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதில், அவருடைய ஆட்டத்தைப் போலவே இந்தியன் சூப்பர் லீக்கின் சம்பள உச்சவரம்புக்கும் பெரிய பங்கு உண்டு.

விதி எளிமையானது. ஒரு பருவத்தில் ஒரு கிளப் தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் தரக் கூடாது. 2020-21இல் அது 16.5 கோடி ரூபாய். பின்னர் அது 18 கோடியானது. இப்படியொரு வரம்பே கூடாது என்று வாதிடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அப்படி வரம்பு இல்லாத ஜெர்மனியின் பண்டஸ்லிகாவில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பாயர்ன் மியூனிக்கே வென்றது. இங்கே 2014 முதல் 2025 வரையிலான 11 பருவங்களில் கோப்பை ஐந்து நகரங்களுக்குப் போயிருக்கிறது. சென்னைக்கு 2015இலும் 2017-18இலும் இரண்டு முறை வந்தது. அந்த இரண்டாவது பட்டத்துக்கான அரையிறுதியில், 2018 மார்ச் 13 அன்று, கோவாவுக்கு எதிராக வியாசர்பாடியின் தனபால் கணேஷ் தலையால் முட்டி அடித்த கோலைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொடக்க வருடங்களில் வீரர்களைப் பங்கிட்ட டிராஃப்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் வரம்பு இல்லாமலிருந்தால் கையில் காசுள்ள இரண்டு மூன்று முதலாளிகள் மொத்தச் சந்தையையும் வாரிக்கொண்டு போயிருப்பார்கள்.

என் குறை வரம்பின் மீதல்ல, அது எதை எண்ணாமல் விடுகிறது என்பதன் மீது. ஒப்பந்தம் முடியாத ஒரு வீரரை இன்னொரு கிளப்பிடமிருந்து வாங்கக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை இந்த வரம்புக்குள் வராது. 2021இல் லிஸ்டன் கொலாசோவை ஹைதராபாத்திடமிருந்து வாங்க ஏடிகே மோகன் பகான் சுமார் 1 கோடி கொடுத்ததாகச் செய்தி வந்தது. 2023இல் சென்னையின் கேப்டன் அனிருத் தாபா அதே கொல்கத்தா கிளப்புக்குப் போனபோது பேசப்பட்ட தொகை சுமார் 3 கோடி. இரண்டே வருடத்தில் விலை மூன்று மடங்கு. பணக்கார கிளப்பின் செலவை வரம்பு நிறுத்தவில்லை, வேறு வாசல் வழியாக அனுப்பியிருக்கிறது.

இதில் அடிபடுவது ஒப்பந்தம் முடிந்த வீரர்தான். ஐரோப்பாவில், ஒப்பந்தம் முடிந்தவருக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கேட்கக் கூடாது என்ற 1995இன் போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, அப்படிப்பட்ட வீரர் கிளப்பிடம் துணிந்து பேரம் பேசுவார்: என்னை வாங்க இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, அதில் ஒரு பங்கை என் கையில் கொடு. இங்கே அந்தப் பங்கைச் சம்பளமாகக் கொடுத்தால் வரம்பு நிரம்பிவிடும். அதே பணத்தை இன்னொரு கிளப்புக்குக் கொடுத்தால் வரம்பில் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஆகவே ஒரே திறமையுள்ள இரண்டு பேரில், சுதந்திரமாக இருப்பவருக்குப் பேரம் பேசும் பலம் குறைவு.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 18 கோடியில் பாதி ஆறு வெளிநாட்டு வீரர்களுக்குப் போகிறது. மீதி 9 கோடியில், இந்திய அணியில் ஆடும் இருவருக்கு ஆளுக்கு 2 கோடி. மிஞ்சிய 5 கோடியை 20 பேர் பிரித்துக்கொண்டால் சராசரி 25 லட்சம். கேட்க நல்ல தொகைதான். ஆனால் அந்த இருவரில் ஒருவருக்கு 50 லட்சம் கூட்ட நினைத்தால் அது இந்த 20 பேரிடமிருந்துதான் வர வேண்டும். அவர்களிலும் முதலில் கை வைக்கப்படுவது, அந்த வருடம் ஒப்பந்தம் முடிகிற 28 வயதுக்காரர் மீது. கணேஷ் அந்தக் கோலுக்குப் பிறகு முழங்கால் காயத்தால் அடுத்த பருவத்தையே இழந்தார். அப்படியொரு காயம் ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் வந்தால் ஒரு வீரரின் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபர் தொகையையும் வரம்புக்குள் கொண்டுவர முடியாதா? ஸ்பெயினில் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே சம்பளத்தோடு, வீரரை வாங்கிய தொகையையும் ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்துச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில், ஒப்பந்தம் முடிந்திருந்த மெஸ்ஸி சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தும் பார்சிலோனாவால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. கொடுமையான விதி என்று அன்று பலரும் சொன்னார்கள். முந்தைய வருடங்களில் வாரியிறைத்த காசுக்கு அந்தக் கிளப் கணக்குச் சொல்ல வேண்டி வந்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. எவ்வளவு தரலாம் என்று வரம்பு சொல்கிறது, தருவார்களா என்று சொல்வதில்லை. 2021-22இல் கோப்பை வென்ற ஹைதராபாத், 2023-24இல் சம்பளம் தர முடியாமல் தத்தளித்தது. வீரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு அணி கடைசி இடத்தில் முடிந்தது. 2025 ஜூலையில், லீக்கை நடத்தும் நிறுவனம் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புடனான உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் அடுத்த பருவத்தையே நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. வரம்பை மீறாத கிளப்பின் வீரரும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

சம்பள வரம்புக்கு உலகமே எடுத்துக்காட்டும் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் அது 1994இல் 3.46 கோடி டாலரில் தொடங்கி 2025இல் 27.92 கோடி டாலராக உயர்ந்தது. வீரர் சங்கம் மேசையில் உட்கார்ந்து லீக் வருமானத்தில் பங்கு கேட்டு வாங்கியதால்தான் வருமானத்தோடு வரம்பும் ஏறுகிறது. கிளப்புகள் இன்ன தொகைக்குக் குறையாமல் செலவழித்தாக வேண்டும் என்ற கீழ்வரம்பும் அங்கே உண்டு. இந்தியாவில் கால்பந்து வீரர்களின் சங்கம் 2006இலேயே தொடங்கப்பட்டது. ஆனால் வரம்பின் அளவைப் பேசித் தீர்மானிக்கும் மேசையில் அதற்கு நாற்காலி இல்லை. அந்த நாற்காலி கிடைக்கும் நாளில் சங்கம் முதலில் கேட்க வேண்டியது 18 கோடியை 20 ஆக்கு என்பதல்ல. வீரரைப் பதிவு செய்யும்போதே ஆறு மாதச் சம்பளத்தைக் கிளப் லீக்கிடம் கட்டிவைக்க வேண்டும் என்பதைத்தான். ஐசிஎஃப் வேலையையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் மாத்தூர் அப்பாவிடம் பேச, அதன் பிறகுதான் கிளப்பின் ஆள் வர முடியும்.