இளவரசியின் மறுவரவு

ஓய்ந்துபோன சித்திரக்கதை நாயகி ஒருத்தியைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி மக்கள் முன் நிறுத்தும் வழக்கம் இரண்டு வகையில் நடக்கிறது. பெயரையும் உருவத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு புதுக்கதை கட்டுவது ஒன்று. தொலைக்காட்சிகள் எடுக்கும் சிறப்பு அனிமேஷன் படங்கள் பெரும்பாலும் இந்த வகை. பழைய கதைகளையே தூசி தட்டி மறுபதிப்பாகக் கொண்டுவருவது மற்றொன்று. மதுரைக்குத் தெற்கே, கரிசல் சமவெளியில் இருக்கும் சிவகாசி இந்த இரண்டாம் வகைக்குத் தமிழில் கிடைக்கும் நல்ல சான்று. அங்கிருந்து லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் புறப்பட்டபோது அதன் முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைஸி. இதழின் பெயர் 'கத்தி முனையில் மாடஸ்டி'.

சிவகாசியில் காமிக்ஸ் முளைத்ததற்குத் தீப்பெட்டிதான் காரணம் என்றால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி 1923இல் தீப்பெட்டித் தொழிலை ஊன்றினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும் என்று அச்சகங்கள் பெருகின. காலண்டரும் டைரியும் அடித்துப் பழகிய அந்த ஊரில் 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. லயன், முத்து காமிக்ஸை நடத்திய குடும்பத்தின் அடுத்த தலைமுறை; ஆசிரியர் எஸ். விஜயனுக்கு அப்போது பதினேழு வயது. அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமமும் ராணி காமிக்ஸைத் தொடங்கி ஜேம்ஸ் பாண்டை இறக்கியது. பெரிய நிறுவனம் ஆண் உளவாளியை நம்பியபோது, சிவகாசிப் பையன் ஒரு பெண்ணை முன்னிறுத்திக் கடை விரித்தது துணிச்சல்தான்.

மாடஸ்டி லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் 1963 மே 13 அன்று பிறந்தவள். எழுதியவர் பீட்டர் ஓடோனல், வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. இரண்டாம் உலகப் போரின்போது பாரசீகத்தில் படைவீரராக இருந்த ஓடோனல், அகதியாகத் தனியே அலைந்த ஒரு சிறுமியைக் கண்டார். அந்த நினைவே பின்னாளில் மாடஸ்டிக்கு முன்கதை ஆயிற்று. பெயரில்லாத அநாதை, குற்றக் கும்பலின் தலைவி ஆகி, பணம் சேர்த்து, அந்தத் தொழிலை விட்டொழித்து, பிறகு சலிப்புத் தாங்காமல் உளவுத்துறைக்கு உதவ வருகிறாள். கூட வரும் வில்லி கார்வின் அவளுக்குக் காதலன் அல்ல, கணவனும் அல்ல. அவளை 'இளவரசி' என்று அழைக்கும் தோழன். சண்டையில் அவள் முன்னே போவாள், அவன் பின்னே வருவான். தமிழ் வாசகரும் அந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவளை இளவரசி என்றே கொண்டாடினார்கள். ஓர் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கி, ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் துணிந்து, அப்படியும் நண்பர்களாகவே இருப்பதை எண்பதுகளின் தமிழ் சினிமா காட்டத் தயங்கியது. பஸ் நிலையக் கடைகளில் தொங்கிய பாக்கெட் சைஸ் புத்தகம் அதைச் சாதாரணமாகக் காட்டியது.

நாளிதழ்ப் பட்டையைப் புத்தகமாக்குவது எளிய வேலை அல்ல. நாளுக்கு மூன்று கட்டம் என்று ஓடிய கதை அது. முதல் கட்டம் பெரும்பாலும் நேற்றைய நிகழ்வை நினைவூட்டும். புத்தகத்தில் அதை அப்படியே அடுக்கினால் கதை இரண்டடி வைத்து ஓரடி பின்வாங்கும். பக்க அளவுக்கு ஏற்றபடி கட்டங்களைப் பிரித்து ஒட்ட வேண்டும். மிஞ்சும் இடத்தைத் தேவைப்பட்டால் வரைந்து நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் நாலு சொல்லுக்காக வரைந்த பலூனுக்குள் நீளமான தமிழ் வசனத்தை உட்கார வைக்க வேண்டும். இந்த நெருக்கடியே தமிழ் காமிக்ஸ் நடைக்கு ஒரு வெட்டுத்தனத்தைக் கொடுத்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மூலத்தில் மாடஸ்டி எதிரியைத் திகைக்க வைக்க மேலாடையைக் கழற்றிவிட்டுப் பாயும் உத்தியைக் கையாளுவாள். சிறுவர் கையில் போகும் புத்தகம் என்பதால் தமிழ்ப் பதிப்புகளில் இத்தகைய கட்டங்களில் மையால் உடை வரைந்து மூடுவது வழக்கமாயிற்று. அன்றைய சந்தைக்கு அது தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஹோல்டவேயின் கோடு மயிரிழை போன்றது. அதன் மேல் விழுந்த தடித்த மை படத்தையே அழுக்காக்கியது. எதிரி ஏன் திகைத்து நிற்கிறான் என்பதும் வாசகருக்குப் புரியாமல் போனது.

நாயகிக்கு உடையை நீட்டும் வேலையை அமெரிக்காவும் செய்திருக்கிறது. மேக்ஸ் பிளெய்ஷரின் அனிமேஷன் கூடத்தில் 1930இல் 'டிஸி டிஷஸ்' குறும்படத்தில் நாய்க்காதோடு தோன்றிப் பிறகு முழுப் பெண்ணான பெட்டி பூப், 1934இல் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுகியதும் குட்டைப் பாவாடையை இழந்தாள். கூடவே குறும்பையும் இழந்தாள். 1939இல் தொடரும் நின்றது. அவளை மீட்க 1985 மார்ச் 20 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி 'தி ரொமான்ஸ் ஆஃப் பெட்டி பூப்' என்ற அரைமணிச் சிறப்புப் படத்தை ஒளிபரப்பியது. இயக்கியவர், சார்லி பிரவுன் படங்களால் பெயர் பெற்ற பில் மெலெண்டெஸ். கதை 1939இல் நடக்கிறது. பகலில் செருப்புக் கடையில் வேலை, இரவில் கிளப்பில் பாட்டு, மனதில் ஒரு கோடீஸ்வரக் கணவனின் கனவு. பக்கத்திலேயே அவளை நேசிக்கும் ஐஸ் வண்டிக்காரன்.

படத்தில் பாடல் உண்டு, நடனம் உண்டு, காலத்தின் அலங்காரமும் உண்டு. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் உருவத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது அதன் பலம். தொலைக்காட்சி ஓர் இரவில் தொடும் கூட்டத்தைச் சிவகாசி அச்சகம் ஒரு வருடத்திலும் தொட முடியாது. ஆனால் 1930களின் பெட்டி எதனால் பெட்டி ஆனாள்? 1932இன் 'மின்னி த மூச்சர்' படத்தில் வீட்டைவிட்டு ஓடும் அவள் ஒரு குகைக்குள் நுழைகிறாள். கேப் கேலோவேயின் பாட்டுக்கு ஒரு வால்ரஸ் பேய் ஆடுகிறது, எலும்புக்கூடுகள் குடிக்கின்றன. காரண காரியம் இல்லாத அந்தக் கனவுலகம் அவளுடைய மண். அதிலிருந்து பிடுங்கி, 'யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள்?' என்ற சீரியல் கேள்வியில் நட்டால் உருவம் நிற்கும், ஆள் நிற்க மாட்டாள். மீட்பு என்ற பெயரில் செய்யப்படும் புதுக்கதைகளின் பொதுக்கோளாறு இது.

இந்தக் கோளாறு சிவகாசியிடம் இல்லை. இரண்டாயிரங்களில் இதழ்கள் தள்ளாடி, 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' வழியே லயன் மீண்டு எழுந்தபின் தாளும் அச்சும் மாறின. நியூஸ்பிரின்ட் போய் ஆர்ட் பேப்பர் வந்தது, பல தொடர்கள் வண்ணத்துக்கு மாறின. பழைய நாயகர்களோடு இளவரசியும் திரும்பி வந்தாள். அவளுடைய சண்டை, வார்த்தை, வில்லியோடான உறவு எல்லாம் ஓடோனல் எழுதியபடியே இருந்தன. நாயகியின் குணத்தைக் காப்பாற்றுவதில் மறுபதிப்பே மேலான வழி என்பதில் சந்தேகம் வேண்டாம்.

அது யாருக்காகக் காப்பாற்றப்படுகிறது என்று கேட்டால்தான் பதில் சங்கடமாகிறது. இன்று இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் முன்கூட்டிச் செலுத்தும் சந்தாவிலும் கூரியரிலும் புத்தகக் காட்சிகளிலும் போகின்றன, அளவாக அச்சாகின்றன. வாங்குவோரில் பெரும்பாலோர் எண்பதுகளில் பள்ளிப் பையன்களாக இருந்தவர்கள். இது பதிப்பாளரைக் காப்பாற்றும் ஏற்பாடு; விற்காத பிரதி கிடங்கில் தேங்காது. ஆனால் மதுரையில் பத்து வயதுப் பெண் ஒருத்தி டியூஷன் முடிந்து வரும் வழியில் தற்செயலாக மாடஸ்டியைச் சந்திக்க வாய்ப்பே இல்லை. முன்பு கடையில் தொங்கிய புத்தகத்தையும் தெருமுனை வாடகை நூலகத்தில் கிடந்த பிரதியையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டலாம். சந்தாப் புத்தகம் ஏற்கெனவே தெரிந்தவர் வீட்டுக் கதவை மட்டும் தட்டும். மாடஸ்டி கதை சிறுமிக்கு ஏற்றதா என்ற கேள்வி நியாயமானது. பதினைந்து வயதுக்கு ஏற்றதே. அந்த வயதுக்காரிக்கும் அது எட்டவில்லை என்பதுதான் குறை.

பெண் பிள்ளைகள் நாயகிக் கதைகளைத் தேடுவதில்லை என்ற சாக்கு எடுபடாது. சன் குழுமம் 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் கார்ட்டூன் சிறுமி டோரா தமிழ் பேசினாள்; அவளுடைய குரங்கு புஜ்ஜி ஆனது; குள்ளநரியைத் திருடக்கூடாது என்று அதட்டும் வசனம் வீட்டுக்கு வீடு ஒலித்தது. அந்த நாயகியும் பிறகு மீட்புக்கு ஆளானாள்: 2014இல் நகரத்துச் சிறுமியாக வளர்க்கப்பட்டாள், 2024இல் கணினி வரைகலையில் மறுபடி குழந்தையாக்கப்பட்டாள். வளர்த்த டோராவைவிடப் பழைய டோராவின் பையும் வரைபடமும்தான் நிலைத்தன. உடன் வளர்ந்தவர்களைத் துரத்துவதைவிட அடுத்து வரும் குழந்தைகளுக்கு அதே கதையைத் தருவது பலிக்கும் என்பதை டோராவை உருவாக்கியவர்கள் தாமதமாகவேனும் கண்டுகொண்டார்கள். சிவகாசி இதுவரை முன்னதைத்தான் செய்கிறது.

சிவகாசி நினைத்தாலும் மாடஸ்டிக்குப் புதுக்கதை எழுதிவிட முடியாது. ஓடோனல் தொடரை 2001 ஏப்ரல் 11 அன்று முடித்தார். அதற்கு முன்பே, 1996இல் வந்த 'கோப்ரா டிராப்' தொகுப்பின் கடைசிக் கதையில் மாடஸ்டியையும் கார்வினையும் சாகவிட்டிருந்தார். கதவை உள்ளிருந்தே தாழிட்டது போலத்தான் அது. அவர் 2010இல் மறைந்ததால் இந்தியச் சட்டப்படி அவருடைய எழுத்துக்கு 2070 முடியும்வரை காப்புரிமை உண்டு. அதுவரை தமிழுக்கு மறுபதிப்பு மட்டுமே வழி. அதற்குள் செய்யக்கூடிய திருத்தம் ஒன்று இருக்கிறது: அடுத்த பதிப்பைப் பழைய தமிழ்ப் பக்கங்களிலிருந்து எடுக்காமல் லண்டன் மூலப் பட்டைகளிலிருந்து எடுப்பது, வயதுக் குறிப்பை அட்டையில் போட்டுவிட்டு ஹோல்டவேயின் கோட்டை அப்படியே விடுவது.

பெட்டியின் நிலை வேறு. 1930இல் வெளியான படங்களின் காப்புரிமை அமெரிக்காவில் 2025 முடிவோடு காலாவதியானது. 2026 ஜனவரி 1 முதல் அந்த நாய்க்காதுப் பெட்டியை அங்கே யாரும் எடுத்து வரையலாம். பெயருக்கும் பிற்கால உருவத்துக்கும் வணிகக் குறியீட்டு உரிமை கொண்டாடுவோர் இன்னும் இருக்கிறார்கள். பொம்மையும் பனியனும் அச்சிட நினைப்பவர் வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் மையைத் தொட வேண்டும்.