நொறுங்காத இருதயங்களின் நூலகம்

தமிழில் கிறிஸ்தவப் புனைகதை என்று சொல்லத்தக்கது எதுவும் வளரவில்லை, ஆகவே நமது வாலிபரும் புதுமணத் தம்பதியரும் அமெரிக்க நூல்களையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையுமே நம்பியிருக்க வேண்டும் என்ற பேச்சு கொழும்பின் சபை வட்டாரங்களில் இப்போது நாகரிகமாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆராதனை முடிந்தபின் ஆலய வாசல் மேசையில் பரப்பப்படும் புத்தகங்கள் இந்தப் பேச்சுக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. மறுபக்கத்தில் இலக்கிய விமர்சகர்கள் நிற்கிறார்கள். சமயக் கதை பிரசாரம், பிரசாரம் இலக்கியமாகாது, ஆகவே தேடிப்பார்க்கவே வேண்டியதில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. இந்த இரண்டு தரப்பும் ஒன்றின் எழுத்தை மற்றது வாசிப்பதில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்தாளரைப் புதைத்துவிட்டன. 1914இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதிய மங்களநாயகம் தம்பையாவை இலக்கிய வரலாறுகள் ஈழத்தின் முதல் பெண் நாவலாசிரியர் என்று ஒரு வரியில் குறிப்பிட்டுக் கடந்துபோகின்றன. விசுவாசமும் இல்லறமும் மோதும் இடத்தைத் தமிழில் அவர் எவ்வளவு துணிவாகத் தொட்டார் என்பதை ஆலய வாசல் மேசையும் அறியாது, பல்கலைக்கழகப் பாடத்திட்டமும் கேட்பதில்லை.

அவருக்கு முந்திய கதை வாசகர் அறிந்ததே, வேகமாகக் கடக்கலாம். தெல்லிப்பழைப் புலவர் ஒருவர் 1647இல் பாடிய சந்தியோகுமையோர் அம்மானையும், 1726இல் வீரமாமுனிவர் முடித்த தேம்பாவணியும், மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் விடியவிடிய ஆடப்பட்ட கத்தோலிக்கக் கூத்துகளும் வேதக் கதையைத் தமிழ்க் காதுக்குப் பழக்கின. அச்சு யுகத்தில் நீதிக்கதை வந்தது. 1856இல் யாழ்ப்பாணத்தில் வெளியான ‘காவலப்பன் கதை’ ஹன்னா மோர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஏழைகளுக்காக எழுதிய சிறுகதையின் தமிழ் வடிவம். முகஸ்துதியில் மயங்கி எஜமானின் கதவைக் கள்வருக்குத் திறந்துவிடும் வேலைக்காரனை வைத்து ஆத்துமாவின் ஆபத்தைச் சொல்லும் கதை அது. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்தது. 1885இல் கண்டி வழக்கறிஞர் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’. 1894இல் பனியனின் மோட்சப் பயணத்தைக் காப்பியமாக்கிய கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஈழத்தின் முதல் நாவல் எது என்று நமது ஆய்வாளர்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டிவருகிறார்கள். காவலப்பனோ, அசன்பேயோ, ஊசோனோ, யார் வென்றாலும் வெல்வது ஒரு சமயக்காரரின் கதைதான் என்பதை அந்தச் சண்டையின் சத்தத்தில் எவரும் கவனிக்கவில்லை. இந்நாட்டில் தமிழ் உரைநடைக் கதை மதச்சார்பற்றுப் பிறந்து பின்பு மதத்தால் கெட்டதல்ல. கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய இரு சமூகத்தாரின் அறத்தேவையிலிருந்தே அது பிறந்தது.

ஆனால் இந்த முன்னோடிகள் எல்லோரிடமும் ஒரு பொதுக்குறை உண்டு. தம் சமூகத்தின் வீட்டுக்குள் அவர்கள் நுழையவில்லை. வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ‘பெண்மதி மாலை’ எழுதிப் பெண்கல்விக்கு வாதாடியவர். இருந்தும் அவருடைய பிரதாபனும் ஞானாம்பாளும் இந்து முதலியார் குடும்பத்தவர். ஞாயிறு பூசைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு அந்த நாவலில் இடமில்லை. சித்திலெப்பை தன் நாயகனை எகிப்திலும் இந்திய நகரங்களிலும் அலையவிட்டார். முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக இலங்கையில் ஓயாமல் உழைத்தவர் அவர். 1892இல் மருதானையில் பிறந்து பின்னாளில் சாஹிராக் கல்லூரியான பாடசாலைக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருந்தது. மருதானையை ஒட்டிய மாளிகாவத்தையின் குடும்பங்களோ அவர் பிறந்த கண்டியின் குடும்பங்களோ அவர் கதைக்குள் வரவில்லை. இன்னாசித்தம்பி இன்னும் தூரம் போனார்: ஐரோப்பிய இடைக்காலக் கதை, காட்டில் பிறக்கும் இரட்டையர், ஒருவனைத் தூக்கிச்சென்று வளர்க்கும் கரடி. அந்த மூலக்கதையின் அடியில், பொய்ப் பழியை நம்பிக் கணவனால் துரத்தப்பட்ட கர்ப்பிணி மனைவி ஒருத்தி இருக்கிறாள். கரடியைப் பற்றி விரிவாகப் பேசிய நமது வரலாற்றாசிரியர்கள் அவளைப் பற்றி அதிகம் பேசவில்லை.

அந்த மனைவியைக் கதையின் நடுவில் கொண்டுவந்து இருத்தியவர் மங்களநாயகம். தெல்லிப்பழைப் புரட்டஸ்தாந்து குடும்பத்தில் பிறந்தவர். தாயுமானவர் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1925இல் நூலாக்கிய கிறிஸ்தவக் குருவானவர் ஐசக் தம்பையாவின் மனைவி. அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் பாடசாலை போன்றவை மூன்று தலைமுறைகளாக உருவாக்கிய பெண்களின் உலகம் அவருடையது. அந்த உலகத்துப் பெண்ணுக்கு வேதாகமத்தை வாசிக்கத் தெரியும், கடிதம் எழுதத் தெரியும். தனக்கு யார் கணவன் என்று சொல்லும் உரிமைதான் இல்லை. நாவலின் கண்மணி, கணவன் அருளப்பாவின் கொடுமையைக் கிறிஸ்தவப் பொறுமையோடு சுமக்கிறாள். தலைப்பு 51ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. அது தாவீது ராஜா தன் பாவத்துக்காக அழும் பாட்டு. அங்கே நொறுங்குவது குற்றம் செய்தவனின் இருதயம். மங்களநாயகம் அந்த இருதயத்தை எடுத்துக் குற்றமே செய்யாத மனைவியின் நெஞ்சில் வைக்கிறார். பாவம் செய்தது ஒருவர், நொறுங்குவது இன்னொருவர் என்ற இந்த இடமாற்றமே நாவலின் முழு வழக்கு. எந்தப் பிரசங்கியாரும் அந்தச் சங்கீதத்தை அன்று இப்படி விளக்கியிருக்க மாட்டார்.

இந்நாவலில் போதனை மிகுதி, ஆசிரியர் குறுக்கே வந்து பேசுகிறார், பாத்திரங்கள் நல்லவர் கெட்டவர் என்று பிரிந்து கிடக்கிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. உண்மைதான். ஆனால் போதனை எந்தத் திசையில் போகிறது, கதை எந்தத் திசையில் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் குற்றச்சாட்டின் பலம் குறைந்துவிடும். போதனைக் குரல் பொறுத்திரு என்கிறது. கதையோ அந்தப் பொறுமை ஒரு பெண்ணை எப்படித் தின்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. எழுத்தாளரின் விசுவாசமும் கண்ணும் ஒன்றோடொன்று உடன்படாத இடத்தில்தான் நாவல் உயிர்பெறுகிறது. சமய நம்பிக்கை இல்லாத ஒருவர் இதே கதையை எழுதியிருந்தால் இந்த முரண் இருந்திருக்காது, ஆகவே வலியும் இவ்வளவு இருந்திருக்காது. காலமும் கவனிக்கத்தக்கது. நாவலுக்கு மூன்றாண்டு முன்னர், 1911இல், யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தச் சீதனக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது என்ற நிலையை அது உறுதிப்படுத்தியது. ஞானஸ்நானம் பெற்ற யாழ்ப்பாணத்தாருக்கும் தேசவழமை தேசவழமைதான். கண்மணிகளின் பொறுமை ஆவிக்குரிய குணம் மாத்திரமன்று. வேறு வழி அடைக்கப்பட்டதன் விளைவும்கூட.

அவருக்குப் பின் இந்த ஓட்டம் ஈழத்தில் வற்றியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுதவந்த முற்போக்கு அணியினரான டொமினிக் ஜீவா, கே. டானியல், யோ. பெனடிக்ற் பாலன் ஆகியோரின் பெயர்களைப் பாருங்கள்; தேவாலயத்தின் வாசலைத் தாண்டி வந்த பெயர்கள். அவர்கள் சாதியை எழுதினார்கள், வர்க்கத்தை எழுதினார்கள். டானியலின் ‘கானல்’ மதமாற்றம் ஒடுக்கப்பட்டவர்க்குத் தந்த வாக்குறுதியையும் அது பொய்த்ததையும் தயவின்றிச் சொன்னது. முற்போக்கு அணியின் சாதனையைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நம்பிக்கையோடு குடும்பம் நடத்தும் ஒருவரின் உள்மனத்தை அவர்கள் ஆராயத் தகுந்த பொருளாகக் கருதவில்லை. அதைப் பாதிரிமாருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பொருளை எடுத்துக் கலையாக்கியவர் கடலுக்கு அப்பால், குமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வந்தது. அதில் பனைவிளைக்கு நடுவே ஒரு நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தின் லிஸி, பருவமடைந்ததும் வீட்டுக்குள் அடைபட்டு, பனையேறும் தங்கராஜை மனத்தில் வைத்துக் காத்திருக்கிறாள். ஆலயமும் ஜெபமும் அவ்வீட்டில் சோறும் கருப்பட்டியும் போல இயல்பானவை. எவரும் எவருக்கும் உபதேசிப்பதில்லை. குடும்ப கௌரவம் வேதத்தின் அங்கியைப் போட்டுக்கொண்டு வரும்போது மாத்திரம் ஆசிரியர் மெதுவாக அந்த அங்கியைத் தூக்கிக் காட்டுகிறார். மங்களநாயகம் கேட்ட கேள்வியை ஐம்பதாண்டு கழித்துக் குரல் உயர்த்தாமல் கேட்ட நாவல் அது. தமிழில் கிறிஸ்தவப் புனைகதை இல்லை என்பவர்கள் இந்த ஒன்றையாவது வாசித்துவிட்டு வரலாம்.

இப்போது ஆலய வாசல் மேசைக்கு வருவோம். ஜேனட் ஓக் 1979இல் தொடங்கிவைத்த புல்வெளிக் காதல் கதைகள், பிரான்சின் ரிவர்ஸ் 1991இல் எழுதிய மீட்புக் காதல், 1995 முதல் தொடர் தொடராக வந்த உலகமுடிவு நாவல்கள், கேரி சாப்மன் 1992இல் வகுத்த ஐந்து அன்பு மொழிகள் என்று இந்தச் சந்தை அமெரிக்காவில் முழுத் தொழிலாக வளர்ந்து, ஆங்கிலத்திலும் தழுவலிலும் பிரசங்க உதாரணங்களிலும் நம்மிடம் வந்து சேர்ந்தது. இவற்றின் கதைமாந்தர்க்குத் துன்பம் வரும். ஆனால் கடைசி அத்தியாயத்துக்குள் அது தீர்ந்தாக வேண்டும் என்று பதிப்பகத்துக்கும் வாசகருக்கும் உடன்படிக்கை இருக்கிறது. எந்த இருதயமும் மெய்யாக நொறுங்க அனுமதியில்லை. உறவு நூல்களின் நிலைமையும் அதுவே. அன்பளிப்பும் அன்பின் ஒரு மொழி என்கிறார் சாப்மன். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடு யார் பெயரில் எழுதப்படும் என்று இரு வீட்டாரும் பேசி முடித்தபின் தொடங்கும் திருமணத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் எங்கே? சேர்ந்து செலவிடும் நேரமே மற்றொரு மொழி. கணவன் கனடாவின் ஸ்காபரோவிலும் மனைவி கொட்டாஞ்சேனையிலும் விசாவுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளுக்கும், பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பெண்ணுக்கும் இந்த ஆலோசனையால் என்ன பயன்? இந்நூல்களின் இல்லறத்தில் இரண்டு பேர் மாத்திரமே வசிக்கிறார்கள். மாமியார் இல்லை, தங்கைக்குச் சீதனம் சேர்க்கும் அண்ணன் இல்லை, சாதி கேட்கும் தரகர் இல்லை. நம்முடைய மணவாழ்வை உடைப்பவர்களும் தாங்குபவர்களும் அந்தப் பக்கங்களுக்குள் பிறக்கவே இல்லை.

இந்த நூல்களால் நன்மையே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. தம்பதியர் ஒருவரோடொருவர் பேசவேண்டும், கணவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கலாம், படுக்கையறை பாவத்தின் இடமன்று என்பவற்றை நமது பிரசங்க பீடங்கள் சொல்லக் கூசிய காலத்தில் இந்த மெல்லிய அட்டைப் புத்தகங்கள் சொல்லின. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவி கீழ்ப்படிவதைப் பற்றிய வசனத்துக்கு முந்திய வசனம் எல்லோரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைப் பற்றியது என்று சிலருக்குக் கற்றுத்தந்ததும் அவைதான். ஆறுதலுக்காக வாசிப்பவரை ஏளனம் செய்வது விமர்சகரின் வேலையும் அன்று. ஆனால் ஆறுதல் விதிமுறையாக மாறும்போது ஆபத்து தொடங்குகிறது. காதலித்துப் பழகுவதையே கைவிடச் சொல்லி ஜோஷுவா ஹாரிஸ் 1997இல் எழுதிய நூல் பத்து இலட்சம் பிரதிகளைத் தாண்டி விற்று, உலகெங்கும் வாலிபர் ஐக்கியங்களில் சட்டப்புத்தகம்போலக் கைமாறியது. 2018இல் அந்த நூலின் பல கருத்துகளோடு தனக்கே உடன்பாடில்லை என்று ஆசிரியர் அதன் பதிப்பை நிறுத்தச் செய்தார். மறுவருடம் தன் மணமுறிவையும் தான் கிறிஸ்தவர் அல்ல என்பதையும் அறிவித்தார். அவரைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. பொதுவெளியில் மனம் மாறுவதற்கு நேர்மை வேண்டும். அறிவுரை நூல் எழுதியவர் அதைத் திரும்பப் பெறலாம்; அதன்படி வாழ்ந்துவிட்டவர்களால் தம் வாழ்க்கையைத் திரும்பப் பெற முடியாது. நாவல் எவருக்கும் கட்டளையிடுவதில்லை. கண்மணியைப் போல நட என்று மங்களநாயகத்தின் குரல் சொன்னாலும், அவள் கதை வாசகியைத் தானாகத் தீர்மானிக்க விட்டுவிடுகிறது.

மங்களநாயகமும் ஹெப்சிபாவும் பழையவர்கள், இன்றைய கொழும்புக்கு என்ன சொல்வார்கள் என்பது மிஞ்சும் மறுப்பு. சட்டத்தைப் பார்த்தால் அவ்வளவு பழையதாகத் தெரியவில்லை. 1911இன் கட்டளைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. பொதுச் சட்டத்தின்கீழ் விவாகரத்து வேண்டுவோர் இன்றும் சோரமோ, வேண்டுமென்று கைவிட்டதோ, தீராத ஆண்மைக்குறைவோ நிரூபித்தாக வேண்டும். மாளிகாவத்தையின் முஸ்லிம் பெண்ணுக்கோ 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும். அதைத் திருத்தக் கோரும் பெண்களின் குரல் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறது. அந்தப் பக்கத்துப் புத்தகக் கடைகளிலும் இல்லறத்துக்கு வழிகாட்டும் கையேடுகளுக்குக் குறைவில்லை. நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ எழுதியதையும், 2004இல் சல்மா ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ எழுதியதையும் வைத்துப் பார்த்தால், இரு சமயத்திலும் கையேடு மறைப்பதை நாவல் வெளியே கொண்டுவந்திருக்கிறது என்பது விளங்கும். வழிபாட்டுத் தலம் வேறு. சீதனப் பேச்சும், வெளிநாட்டு மாப்பிள்ளையும், பெண்ணுக்கு விதிக்கப்படும் பொறுமையும் வேறல்ல.

ஆகவே செய்யவேண்டியது தெளிவு. ‘நொறுங்குண்ட இருதயத்தை’ நல்ல முன்னுரையோடும் அன்றைய விவாகச் சட்டத்தைப் பற்றிய குறிப்போடும் மலிவு விலையில் மீண்டும் அச்சிட வேண்டும். கத்தோலிக்கப் பங்குகளும் மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைகளும் நடத்தும் திருமண ஆயத்த வகுப்புகளில் ‘புத்தம் வீட்’டோடு அதையும் வாசிக்கக் கொடுத்து விவாதிக்க வேண்டும், குருவானவருக்கு அது சங்கடமாக இருந்தால் வகுப்பு சரியாக நடக்கிறது என்று பொருள். முற்போக்கு மரபில் வந்த விமர்சகர்கள், நம்பிக்கையாளரின் உள்மனம் தமக்குத் தகாத பொருள் என்ற அறுபதாண்டுப் பிடிவாதத்தைக் கைவிட வேண்டும். எழுதுபவர்களுக்குக் கொழும்பே போதும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரும் மாளிகாவத்தை முஸ்லிம்களும் வெள்ளவத்தைச் சைவரும் ஒரே பாடசாலையில் படித்து, ஒரே அலுவலகத்தில் வேலைசெய்து, ஒருவரையொருவர் விரும்பியபின் யாருடைய கடவுளின்முன் மணப்பது என்று திகைக்கும் நகரம் இது. அந்தத் திகைப்புக்கு ஐந்து படிகளில் தீர்வு சொல்லும் நூலை எவரும் எளிதில் எழுதிவிடலாம். தன் கடவுளை நேசித்துக்கொண்டே அவர் பெயரால் நடக்கும் கொடுமைக்குக் கணக்குக் கேட்கும் நாவலை எழுதுவது கடினம். 1914இல் ஒருவர் அதைத் தொடங்கிவைத்தார். அந்தக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு தமிழில் எழுதுபவர்களுடையது. அதை அமெரிக்காவிலிருந்து தருவிக்க முடியாது.